அமெரிக்கப் பாடல்களில் தாயும் போரும்

இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்னும் தொடர் நம் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அடிக்கடி வழங்குவதாகும். புறநானூற்றுப் பாடல் ஒன்றைக் காட்டி, 'இதனால் அக்காலத் தமிழர் போரை விரும்பினர் என்பது பெறப்படும்' என முடிவு கூறுதலும் நம்மிடையே பெருவழக்கு. ஆயின் அப்பாடலைக் கேட்டோர் எத்துணையர், அதனை விரும்பினோர் யாவர், விரும்பாதார் யாது செய்தனர் என்னும் வினாக்களுக்கு விடை காண நம்மிடம் கருவி இல்லை. பாடலும் திணை துறைக் குறிப்புமே எஞ்சியுள்ளன. கண்ணாடி என்னும் உவமை எவ்வளவு பொருந்தும் என்பதை, பாடல் பிறந்த நாளும் விற்பனையும் மக்கள் கருத்தும் தனித்தனியே பதிவாகியுள்ள ஒரு நாட்டில் வைத்துச் சோதித்தல் பயன் தரும். அத்தகைய நாடு இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க ஐக்கிய நாடுகள்.

ஈண்டு ஆராயப்படுவன பெரும்பாலும் நாட்டுப்பாடல்கள் அல்ல. விற்பனைக்காக ஆக்கப்பட்டு, முதற்கண் இசைக்குறிப்பு ஏடுகளாகவும், பின்னர் இசைத்தட்டுகளாகவும் வானொலி வாயிலாகவும் பரவிய பொதுமக்கட் பாடல்கள். நியூயார்க்கு நகரில் 'டின் பான் ஆலி' எனப் பெயர் பெற்ற தெருவின் பதிப்பாளர்கள் இவற்றை வாணிகமாக நடத்தினர். வாணிகம் என்றதனாலேயே இவை ஆராய்ச்சிக்குத் தகுதியற்றன ஆகா. பரிசில் நோக்கிப் பாடிய பாணனையும் புலவனையும் போற்றும் நாம் இதனை இழிவாகக் கருதுதல் முறையன்று.

முதல் உலகப் போர் 1914இல் ஐரோப்பாவில் மூண்டது. அமெரிக்கா அதில் 1917 ஏப்ரல் 6ஆம் நாள்வரை சேரவில்லை. இடைப்பட்ட காலத்தில், 1915ஆம் ஆண்டின் முற்பகுதியில், 'ஐ டிட்ன்ட் ரெய்ஸ் மை பாய் டு பி எ சோல்ஜர்' என்னும் பாடல் வெளிவந்தது. 'என் மகனைப் போர்வீரன் ஆதற்கு வளர்த்திலேன்' என்பது அத்தலைப்பின் பொருள். சொற்களை ஆல்பிரட் பிரையனும் இசையை அல் பியாண்டடோசியும் ஆக்கினர். லியோ பைஸ்ட் நிறுவனம் பதிப்பித்தது. மூன்று திங்களில் ஆறரை இலட்சம் படிகள் விற்றன என்பர். மகனைப் போருக்கு அனுப்ப மறுக்கும் தாய் ஒருத்தியே அப்பாடலில் பேசுகிறாள். அவள் மறுப்பிற்குக் கூறும் காரணம் தன் மகன் இறந்துபடுவான் என்பதொன்றே அன்று. அவன் மற்றொரு தாயின் மகனைக் கொல்ல நேரும் என்பதும் ஆகும். பகைவனையும் ஒரு தாய் பெற்றாள் என்னும் இந்நினைவே பாடலின் உயிர்.

புறநானூறு கற்றோர்க்கு இவ்விடத்து இரு பாடல்கள் நினைவிற்கு வரும். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279ஆம் பாட்டில், முன்னொரு நாட் போரில் தமையனையும் (தந்தை எனக் கொள்வாரும் உளர்), அடுத்து நிகழ்ந்த போரில் கணவனையும் இழந்த மறக்குடிப் பெண், இன்று பறை கேட்டதும் தன் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் பூசி, வேலைக் கையில் தந்து களத்திற்குப் போக்குகிறாள். அமெரிக்கத் தாய் இவளுக்கு நேர்மாறானவள். மற்றொன்று 45ஆம் பாட்டு. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருத காலத்துக் கோவூர் கிழார் இடைநின்று, எதிர் நிற்பவனும் ஆத்தி சூடிய சோழனே, இருவருள் யார் தோற்பினும் தோற்பது நும் குடியே என அறிவுறுத்துகிறார். பகைவனிடத்து உறவு காணும் அந்த வாதமே 1915இன் அமெரிக்கப் பாடலிலும் அமைந்துள்ளது. ஆனால் கோவூர் கிழார் காட்டும் உறவு ஒரு குடிக்குள் அடங்கும். அமெரிக்கத் தாய் காட்டும் உறவிற்கு அவ்வெல்லை இல்லை.

பாடலை விரும்பாதாரும் இருந்தனர். முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட், இப்பாடலைக் கொண்டாடுவோர், 'என் மகளைத் தாயாதற்கு வளர்த்திலேன்' என ஒரு பாடல் எழுந்தால் அதனையும் கொண்டாடுவர் என எள்ளினார். எள்ளற்பாடல்களும் எதிர்ப்பாடல்களும் பல தோன்றின. 1916 நவம்பரில் உட்ரோ வில்சன் மீண்டும் தலைவராகத் தேர்வுற்றார். போரினின்றும் நாட்டை விலக்கி வைத்தவர் என்பதே அவர் கட்சியார் பெரிதும் முழங்கிய முழக்கம். ஆயினும் அவர் பெற்ற தேர்வாளர் வாக்குகள் 277. எதிர்த்தவர் பெற்றவை 254. நாடு ஏறத்தாழ இரு கூறாக நின்றது என்பதனை இவ்வெண்கள் காட்டும். ஆறரை இலட்சம் படி விற்ற பாடலை மட்டும் வைத்து நோக்கின் இப்பிளவு புலப்படாது.

1917இல் போர் அறிவிக்கப்பட்டது. மே 18ஆம் நாள் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டமும், சூன் 15ஆம் நாள் வேவுத் தடுப்புச் சட்டமும் நிறைவேறின. படைச்சேர்ப்பிற்கு இடையூறு செய்வோரைத் தண்டிக்கப் பின்னதில் இடம் இருந்தது. அவ்வாண்டிலேயே 'அமெரிக்கா, ஹியர்ஸ் மை பாய்' என்னும் பாடல் வெளிவந்தது; சொற்கள் ஆண்ட்ரூ ஸ்டெர்லிங், இசை ஆர்தர் லாங்கே. இதிலும் பேசுபவள் தாய்தான். இவள் தன் ஒரே மகனை நாட்டிற்குக் கொடுக்கிறாள். இன்னொரு மகன் இருந்திருப்பின் அவனும் உடன் சென்றிருப்பான் என்கிறாள். மாசாத்தியார் பாடிய மூதில் மகளிரின் வழியில் வந்தவள் போலவே இவள் தோன்றுகிறாள். ஒரே மகன் என்னும் குறிப்புக்கூட ஒத்திருக்கிறது.

இரண்டே ஆண்டுகளில் அமெரிக்கத் தாயரின் உள்ளம் தலைகீழாக மாறிற்றா? கண்ணாடிக் கொள்கையை அப்படியே ஏற்பின் ஆம் என விடை கூறுதல் வேண்டும். ஆனால் பாடல்களின் பிறப்பை நோக்கினால் வேறு செய்தி கிடைக்கிறது. மறுக்கும் தாயைப் படைத்த ஆல்பிரட் பிரையனே 1917இல், பிரான்சைக் காக்குமாறு சோன் ஆப் ஆர்க்கை விளிக்கும் போர்ப்பாடலின் சொற்களை மற்றொருவருடன் சேர்ந்து எழுதினார். மறுக்கும் தாயின் பாடலைப் பதிப்பித்த லியோ பைஸ்ட், ஜார்ஜ் கோஹன் எழுதிய 'ஓவர் தேர்' பாடலின் உரிமையை 25,000 டாலர் கொடுத்து வாங்கினார். அது இருபது இலட்சம் படிகளளவு விற்றது என்பர். எழுதியவரும் விற்றவரும் மாறவில்லை. மாறியவை சட்டமும் சந்தையும். பாட்டில் மாற்றம் திங்கட்கணக்கில் நிகழ்ந்தது. உள்ளத்து மாற்றம் அவ்வளவு விரைந்து நிகழும் என நம்புதற்கு இடமில்லை. 1915இல் அப்பாடலைப் பியானோவில் இசைத்துப் பாடிய தாயர் பலர் 1917இல் வாய் பேசாதிருந்தனர் எனக் கொள்வதே பொருத்தம். அவர்தம் மௌனத்தைப் பதிப்பிக்க எவரும் முன்வந்திலர்.

'ஓவர் தேர்' பற்றி ஒன்று கூறலாம். அஃது எக்காள ஒலியைப் பின்பற்றி எழுந்த இசை. போருக்குச் செல்லும் செலவே அதன் பொருள். பகைவன் செய்த தீங்கு யாது என்னும் விளக்கமோ சாவைப் பற்றிய குறிப்போ அதில் இல்லை. களத்திற்குச் சென்றுவந்த படைஞன் எழுதியிருக்க இயலாத பாடல் அது. கோஹன் நாடக அரங்கினர். 1918இல் உண்மையாகவே படையிற் சேர்க்கப்பட்டு நியூயார்க்கில் அப்டன் முகாமில் இருந்த இர்விங் பெர்லின் எழுதிய பாடலோ, விடியலில் எக்காளம் ஊதி எழுப்புவோன்மேல் படைஞன் கொள்ளும் வெறுப்பை நகைச்சுவையாகக் கூறுகிறது. படைக்குள் இருந்தவர்க்குப் பகைவனைவிட எக்காளம் ஊதுவோனே அணுக்கமான பகைவன் போலும்!

போர் முடிந்தபின் எழுந்த மனமுறிவை 1932இல் வெளிவந்த 'பிரதர், கேன் யூ ஸ்பேர் எ டைம்' காட்டுகிறது. யிப் ஹார்பர்க்கு சொற்களையும் ஜே கோர்னி இசையையும் தந்தனர். இருப்புப்பாதை அமைத்தவனும் வானளாவிய மாடம் கட்டியவனும் படையுடையில் நடை பயின்றவனுமாகிய ஒருவன் தெருவில் நின்று காசு இரக்கிறான். பாட்டில் சினம் வெளிப்படையாக இல்லை. தன்னை அறிந்தவன் அறியாதவன்போற் செல்லும் வியப்பே உள்ளது. அவ்வாண்டுக் கோடையில், வாக்களிக்கப்பட்ட ஊக்கத்தொகையை முன்னரே தருமாறு வேண்டி வாசிங்டனில் கூடிய முன்னாள் படைஞர்களைச் சூலை 28ஆம் நாள் மக்கார்தர் தலைமையில் வந்த படை கலைத்தது. பாடல் அக்டோபரில் அரங்கேறி, பிங் கிராஸ்பி, ரூடி வல்லீ ஆகிய இருவர் இசைத்தட்டுகளாலும் பரவிற்று. இப்பாடல் அளவில் கண்ணாடிக் கொள்கை முற்றும் பொருந்தும் என்பேன். ஆனால் இதில் தாய் இல்லை. போருக்கு அனுப்பும் நேரத்திலேயே பாடல் தாயை அழைக்கிறது. திரும்பி வந்தவன் பசித்து நிற்கையில் அழைத்திலது.

இரண்டாம் உலகப் போர்க்காலம் இவ்வாராய்ச்சிக்கு வேறொரு வகையிற் பயன்படுவது. 1941 திசம்பரில் பெர்ல் துறைமுகம் தாக்குண்டபின் போருக்கு மக்கள் ஆதரவு பெரிதாக இருந்தது. 1942இல் அமைந்த அரசின் போர்ச் செய்தி அலுவலகத்தார் இரண்டாம் 'ஓவர் தேர்' ஒன்றை எதிர்பார்த்தனர். பிராங்க் லோசர் எழுதிய ஒரு போர்ப்பாடல் 1942இல் புகழ் பெற்றது உண்மையே. ஆயினும் அக்காலப் பாடல்களுள் தலையாய இடம் பெற்றது அவ்வாண்டு வெளிவந்த 'ஒயிட் கிறிஸ்துமஸ்'. அப்டன் முகாமில் எக்காளத்தைப் பழித்த அதே பெர்லினே அதனையும் இயற்றினார். போர் என்னும் சொல் அதில் எங்கும் இல்லை. பனி பெய்யும் ஊரையும் பழைய கிறிஸ்துமசு நாட்களையும் நினைத்து ஏங்குதலே பொருள். தொலைவிற் பாசறையில் இருந்த படைஞர் இதனை வானொலியில் மீண்டும் மீண்டும் கேட்க விரும்பினர். மக்கள் போரை ஆதரித்தனர். ஆனால் போரைப் பாட விரும்பவில்லை. ஆதரவும் ஆர்வமும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

தமிழ் மரபின் சொற்களாற் கூறின், புறம் அகத்திற்குள் ஒடுங்கிய நிலை இது. பாசறையில் இருப்போனும் மனையில் ஆற்றியிருப்போளும் இதன் மாந்தர். நெடுநல்வாடையில் வேம்பு தலை யாத்த வேல் என்னும் ஒரு குறிப்புக் கொண்டே அப்பாட்டைப் புறம் எனத் துணிந்தார் நச்சினார்க்கினியர். 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாட்டில் அத்தகைய வேப்பிலைக் குறிப்புக்கூட இல்லை. அது போர்க்காலப் பாட்டு என்பதை வரலாறு கூறினாலன்றிப் பாட்டு கூறாது. நம் அகப்பாடல்களுள் இவ்வாறு போரை மறைத்து நிற்பவை எத்தனையோ!

இனி வியட்நாம் போர். இக்காலத்திற்குக் காலப் நிறுவனத்தார் எடுத்த மக்கட் கருத்துக் கணக்குகள் உள்ளன. வியட்நாமிற்குப் படை அனுப்பியது தவறு எனக் கூறியோர் 1965 ஆகஸ்டில் நூற்றுக்கு 24 பேர்; 1968 ஆகஸ்டில் 53 பேர்; 1971 மே திங்களில் 61 பேர். இவ்வெண்களோடு பில்போர்டு இதழின் வாரப் பட்டியலில் முதலிடம் பெற்ற பாடல்களை ஒப்பிட்டால் விந்தையான முடிவு கிட்டும். உலகம் அழிவின் விளிம்பில் நிற்பதாகப் புலம்பும் 'ஈவ் ஆப் டிஸ்டிரக்ஷன்' 1965 செப்டம்பரில் முதலிடம் பெற்றது. அப்போது நால்வரில் ஒருவரே போரைத் தவறு என்றனர். வானொலி நிலையங்கள் பல அதனை ஒலிபரப்ப மறுத்தன. ஆறு திங்களுக்குள், 1966 மார்ச்சில், படைஞரான பாரி சாட்லர் பாடிய 'பாலட் ஆப் தி கிரீன் பெரேஸ்' ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது. இவ்விரு பாடல்களுக்கும் இடையே மக்கட் கருத்தில் பெருமாற்றம் ஏதும் இல்லை. அதே மக்களிடையே இரண்டும் விலைபோயின. எட்வின் ஸ்டார் பாடிய 'வார்' 1970 ஆகஸ்டு இறுதியில் முதலிடம் எய்தி மூன்று வாரம் நின்றது. அதற்கு ஈராண்டுகள் முன்னரே மக்களிற் பெரும்பாலோர் மனம் மாறியிருந்தனர். பாடல் வழிகாட்டவில்லை, பின்தொடர்ந்தது.

பின்தொடர்ந்தமைக்குக் காரணமும் தெரிகிறது. 'வார்' பாடலை முதலிற் பதிவு செய்தோர் டெம்டேஷன்ஸ் குழுவினர். அவர்தம் இசைத்தொகுப்பில் அது 1970 மார்ச்சிலேயே வெளிவந்தது. ஆயின் புகழ் மிக்க அக்குழுவின் கேட்போர் ஒரு சாரார் வெறுக்கக்கூடும் என அஞ்சிய மோட்டவுன் நிறுவனத்தார் அதனைத் தனி இசைத்தட்டாக வெளியிடத் தயங்கி, அவ்வளவு புகழ் பெறாத ஸ்டாரைக் கொண்டு மீண்டும் பாடுவித்தனர். கெண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1970 மே 4ஆம் நாள் மாணவர் நால்வர் சுடப்பட்டு இறந்தது இவ்விரண்டிற்கும் இடையே நிகழ்ந்தது. அவ்வாண்டிலேயே போரை எதிர்ப்போரைக் கடிந்து மெர்ல் ஹாகர்ட் பாடிய பாடல் நாட்டுப்புற இசைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஒரே ஆண்டில், ஒரே நாட்டில், இரு பட்டியல்கள், இரு கண்ணாடிகள். இவற்றுள் எதனை எடுத்துப் பிற்கால ஆய்வாளன் 'மக்கள் உள்ளம் இது' என எழுதுவான்?

இக்காலத்தில் தாயும் மீண்டும் வந்தாள். சாட்லரின் பாட்டில் களத்தில் மாளும் வீரன், தன் மகனையும் அப்படையிற் சேர்க்குமாறு மனைவிக்குச் சொல்லி அனுப்புகிறான். மூதின் முல்லையின் நிழல் அதில் விழுகிறது. ஸ்டாரின் பாட்டிலோ போர் தாயரின் கண்ணீராகவே அறியப்படுகிறது. ஆனால் மிகக் கூரியது 1965இல் கன்ட்ரி ஜோ மக்டானல்டு எழுதியது. வணிகன் கூவி விற்கும் குரலில் பெற்றோரை விளித்து, உங்கள் மகனை விரைந்து அனுப்புங்கள், அவன் பெட்டியில் திரும்பிவரும் பெருமை இத்தெருவில் முதலில் உங்களுக்கே கிட்டட்டும் என்கிறது அப்பாட்டு. இசையோ முதல் உலகப் போர்க்காலத்தை நினைவூட்டும் துள்ளல் இசை. 1917இன் கொடுக்கும் தாயை, அவள் காலத்து இசையாலேயே திருப்பித் தாக்கும் அங்கதம் இது. வஞ்சப் புகழ்ச்சிக்கு இதனை எடுத்துக்காட்டாக மாணவர்க்குக் கூறலாம். வாரப் பட்டியலில் முதலிடம் இதற்குக் கிட்டவில்லை. ஆயினும் 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் விழாவிற் கூடிய பெருங்கூட்டம் உடன்சேர்ந்து பாடிற்று. விற்பனைக் கணக்கு காட்டாத மக்கள் உள்ளம் இவ்வாறான இடங்களில் வெளிப்படும்.

பீட் சீகர் 1955இல் தொடங்கிய 'வேர் ஹாவ் ஆல் தி பிளவர்ஸ் கான்' என்னும் பாட்டைப் பற்றி அதன் வடிவம் கருதியே சில சொற்கள் கூற வேண்டும். சொலகோவின் புதினத்தில் எடுத்தாளப்பட்ட கொசாக்கு நாட்டுப்பாடல் ஒன்றன் அடிகள் அதற்குத் தூண்டுதல். சீகர் மூன்று பகுதிகளே எழுதினார். ஜோ ஹிக்கர்சன் பின்னர்ச் சேர்த்தவற்றால் பாட்டு வட்டமாயிற்று. மலரை மகளிர் கொய்தனர், மகளிர் கணவரிடம் சென்றனர், கணவர் படையிற் புக்கனர், படைஞர் இடுகாடு புக்கனர், இடுகாடு மலராயிற்று. ஒன்றன் முடிவு அடுத்ததன் தொடக்கமாகி, ஈறு முதலோடு வந்து பொருந்தும் இவ்வமைப்பை நாம் மண்டலித்த அந்தாதி என்போம். அந்தாதியை நாம் இறைவனைப் பாடும் வடிவாகவே பெரிதும் கண்டுள்ளோம். அதன் முடிவின்மை ஆண்டுப் பேரின்பத்தைக் குறிக்கும். ஈண்டோ அதே முடிவின்மை அச்சம் தருகிறது. போரை இகழும் ஒரு சொல்லும் இதில் இல்லை. வட்டம் நிற்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. இதனாலேயே போலும், வியட்நாம் போர் பெரிதாகுமுன், 1960களின் தொடக்கத்திலேயே கிங்ஸ்டன் டிரியோ குழுவினர் பாடி எல்லாத் தரப்பாரும் கேட்கும் பாட்டாக இது ஆயிற்று. அதே சீகர் 1967 செப்டம்பரில் தொலைக்காட்சியில் பாடிய, ஆழம் அறியாது படையை ஆற்றில் இறக்கும் தலைவனைப் பற்றிய பாடலை ஒளிபரப்பு நிறுவனத்தார் நீக்கினர். 1968 பிப்ரவரியிலேயே அது மக்களைச் சென்றடைந்தது.

இத்தகைய நீக்கங்கள் பழங்கதை ஆகிவிடவில்லை. 2003 மார்ச்சில் டிக்சி சிக்ஸ் குழுவினரின் 'டிராவலின் சோல்ஜர்' நாட்டுப்புறப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. வியட்நாமிற் பட்ட ஓர் இளைஞனை நினைந்து ஒரு பெண் மட்டும் அழும் பாட்டு அது. குழுவின் பாடகியார் இலண்டன் மேடையில் ஈராக்குப் போர்பற்றித் தம் நாட்டுத் தலைவரை எதிர்த்து ஒரு கருத்துக் கூறியதும் வானொலி நிலையங்கள் அக்குழுவின் பாடல்களை நிறுத்தின. பாட்டு விரைந்து வீழ்ந்தது. முந்திய வாரம் விரும்பிக் கேட்ட மக்களின் உள்ளம் மறுவாரம் மாறிற்றோ, பாட்டு அவர்கள் செவிக்கு எட்டாது நின்றதோ? பட்டியலைப் பார்த்து மட்டும் விடை கூற இயலாது.

மீண்டும் 279ஆம் பாட்டிற்கு வருவோம். மேற்கூறிய அமெரிக்கத் தாயர் தம் வாயாற் பேசுவதாகப் பாடல்கள் அமைந்தன, எழுதியோர் ஆடவர். மாசாத்தியாரின் பாட்டிலோ பாடுபவர் பெண்; அவள் செயலைக் கண்டு உரைப்பவரும் அவரே. பாட்டின் தொடக்கத்தில் அத்தாயின் சிந்தையைக் குறித்து அவர் வைக்கும் சொல் வெளிப்படையில் ஒரு சாபம். அதனை வியப்பின் மிகுதியால் எழுந்த புகழ் எனக் கொள்வதே உரையாசிரியர் வழக்கு. அதற்குத் துணையாவது வாகைத்திணை, மூதின் முல்லைத்துறை என்னும் குறிப்பு. ஆனால் அக்குறிப்பு புலவர் தந்ததன்று, தொகுத்தோர் வைத்தது என்பது பலர் கொள்கை. புறநானூற்றின் பழைய உரையோ முதல் 266 பாடல்கட்கே கிடைத்துள்ளது, இப்பாட்டிற்கு இல்லை. ஆதலின் குறிப்பை நீக்கிவிட்டு அச்சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே ஒருமுறை படித்தல் தகும். அவ்வாறு படிக்குங்கால் புலவர் அத்தாயைப் போற்றுகின்றாரோ, அவளைக் கண்டு நடுங்குகின்றாரோ என்பதைத் துணிதல் எளிதன்று. யான் நடுக்கத்தின் பக்கமே சாய்கின்றேன்.